கபில நிறப் புகை

2024 ஜூன் 3, திங்கள்
வேலை கிடைத்துவிட்டது! சாவகச்சேரியில், கிணற்றுத் தண்ணீர் பரிசோதிக்கும் தனியார் ஆய்வுகூடத்தில் உதவியாளர். குருநகரிலிருந்து இரண்டு பஸ் ஏறவேண்டும். ஏறுவேன், நாலென்றாலும் ஏறுவேன். மீன்பிடித்துவிட்டுக் கடலால் வந்த அப்பா, "தண்ணியைச் சோதிக்கவும் சம்பளமோ பிள்ளை?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஜூன் 5
வெள்ளை அங்கி முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. பரவாயில்லை. கண்ணாடியில் நாலு தரம் பார்த்தேன்.

ஜூன் 20, வியாழன்
நித்திரை வரவில்லை, எழுந்திருந்து எழுதுகிறேன். பயமா, சந்தோசமா? தெரியவில்லை.

காலையில் குடுவை கழுவிய நைத்திரிக் அமிலத்தைக் கழிவுப் போத்தலில் ஊற்றி மூடியை இறுக்கினேன். போத்தலில் பெயர் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் உள்ளே கபில நிறப் புகை. தொட்டால் சுட்டது. ஐயோ, ஏற்கெனவே அதற்குள் எதனோல் இருந்திருக்கிறது, நைத்திரிக்கோடு சேர்ந்தால் வெடிக்கும் மதுசாரம்! திறக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன் — திறந்திருந்தால் முகத்திலேயே அடித்திருக்கும். நல்லகாலம், அது புகை இழுக்கும் கூண்டுக்குள் நின்றது. கூண்டின் கண்ணாடிக் கதவை இறக்கிவிட்டுக் கத்தினேன்.

"எல்லாரும் வெளியிலை ஓடுங்கோ!"

அன்றைக்கென்று எங்கள் கூடத்துக்குத் தரச்சான்று கொடுக்கலாமா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். பொறுப்பாளர் ஜெயகௌரி அக்கா அவரோடு நின்றார்.

"என்ன பிள்ளை உது, ஆக்கள் வந்திருக்கேக்கை—"

"அக்கா, பிறகு ஏசுங்கோ, இப்ப வாங்கோ!"

கையைப் பிடித்து இழுத்தேன். அதிகாரி எங்களுக்கு முன்னால் ஓடினார். முற்றத்தை அடையவும் உள்ளே வெடித்தது. கூண்டுக் கண்ணாடி தூள் தூள். ஆட்களுக்கு ஒரு கீறலும் இல்லை. ஐந்து பேர். திருப்பித் திருப்பி எண்ணினேன். ஐந்து பேரும் நிற்கிறோம்!

ஜூன் 21
எட்டு வருடமாக இங்கே கழிவுப் போத்தல்களைப் பார்த்துவரும் டிலக்ஷன் அண்ணைதான் ஊற்றியதென்று எல்லோரும் நினைக்கிறார்கள். பேசாமல் இருந்தால் என் வேலை போகாது. இருப்பதா? ஏலாது. போய்ச் சொல்லிவிட்டேன்.

"ஊத்தினது நான்தான் அக்கா."

பின்னால் நின்ற டிலக்ஷன் அண்ணை, "பேர் ஒட்டாமல் விட்டது நான். அரைவாசிப் பிழை எனக்கு" என்றார்.

அக்கா எங்கள் இரண்டு பேரின் பெயரையும் அறிக்கையில் எழுதினார். பிறகு, "தரச்சான்றை மூண்டு மாசம் தள்ளிப்போட்டினம். திங்கக்கிழமை நேரத்துக்கு வாரும்" என்றார்.

வாரும்! வரச் சொன்னார்!

ஜூன் 24
அமிலங்கள் ஒரு தட்டில். எரியக்கூடியவை எதிர்ச்சுவரில். போத்தல் முப்பத்தெட்டுக்கும் பெயர் எழுதி ஒட்டினேன். விரலெல்லாம் பசை.

செப்டெம்பர் 26, வியாழன்
அதே அதிகாரி இன்று வந்தார். கழிவுகளை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டார். அக்கா வாய் திறக்கமுன் டிலக்ஷன் அண்ணை, "உதை றொசாந்தியிட்டைக் கேளுங்கோ ஐயா, அவதான் பொறுப்பு" என்றார்.

எனக்கே அது அப்போதுதான் தெரியும். முன்னால் போய் நின்றேன். இருபது நிமிடம் மூச்சு விடாமல் கதைத்தேன். "கொஞ்சம் ஆறுதலாச் சொல்லும் பிள்ளை, எழுதவேணும்" என்றார் அதிகாரி.