சுவருக்குள் ஒரு கட்டில்

ஜூலை 5, சனி

மகள் ஜனெலுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. கப்பல் வேலையில் இருந்துகொண்டு அவள் அப்பா எட்மார் ஒரு வருடமாக அரித்ததற்கு இன்றுதான் முடிவு. பாகம் பாகமாக வாங்கி மாட்ட எனக்கு என்ன தெரியும்? எல்லாம் மாட்டி, விளையாட்டும் ஏற்றி, பிளக்கைச் செருகினால் போதும் என்று சொன்னதை வாங்கினேன். பக்கவாட்டில் கண்ணாடி. உள்ளே விசிறிகள் ஊதாவும் பச்சையுமாகச் சுற்றுகின்றன. கடைக்கார அண்ணன், மனோங் தித்தோய், "இந்தாய், எல்லாம் புத்தம் புதுசு, தூசுகூடப் படல" என்றார். நாற்பது வயதில் என்னைச் சின்னப் பெண்ணைப்போல இந்தாய் என்று கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சம்.

ஓட ஆரம்பித்துச் சூடானதும் ஒரு வாசனை வந்தது. ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த அலமாரி மாதிரி. புதுச் சாமானில் ஏன்?

ஜூலை 6, ஞாயிறு

"நனாய், இங்க வாயேன். நம்ம வீடு இதுக்குள்ள இருக்கு."

மகள்தான் கூப்பிட்டாள். அது வெறும் விளையாட்டு என்றேன். இல்லை, வந்து பார் என்றாள். கட்டை கட்டையாக அடுக்கிக் கட்டும் விளையாட்டு அது. யாரோ ஏற்கெனவே கட்டிவைத்த ஊர் ஒன்று உள்ளே இருந்தது. அதில், நாங்கள் மார்ச்சில் குடிவந்த இந்த வாடகை வீடு. சாய்ந்த கேட். மூன்றாம் படி மட்டும் உயரமான அதே மாடிப்படி. சமையலறை ஜன்னலில் ஒரு கம்பி இல்லை, அங்கேயும் இல்லை.

எல்லா வீடும் ஒரே மாதிரிதான் என்று சொல்லி வைத்தேன். அவள் நம்பவில்லை. நானும்.

ஜூலை 9, புதன்

படகுத்துறையில் காலை ஷிப்ட். மதியம் வீடு திரும்பிப் பூட்டைத் திறந்தால் ஜனெலின் அறையிலிருந்து ஊதா வெளிச்சம். அவள் பள்ளியில். கம்ப்யூட்டர் தானாக எழுந்து, விளையாட்டையும் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தது.

ஆமாம், காத்திருந்தது. வேறு வார்த்தை வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

இன்றும்.

ஜூலை 11, வெள்ளி

ஜனெல் அந்த வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தவள் தன் அறைக்கே வந்து நின்றாள். அங்கே துணி அலமாரி இருக்கவேண்டிய இடத்தில் இரும்புக் கதவு. பக்கத்தில் பித்தான். அழுத்தினால் திறந்தது. உள்ளே ஒரு கட்டில் மட்டும் கொள்ளும் இடம். ஜன்னல் இல்லை.

"இது தப்பாக் கட்டியிருக்கான் நனாய். இரும்புக் கதவுக்கு உள்பக்கமும் பித்தான் வைக்கணும். இல்லன்னா உள்ள போனவன் வெளிய வர முடியாது."

தப்பாகக் கட்டியிருக்கிறான். அப்படித்தான் இருக்கவேண்டும்.

அவள் குளிக்கப் போனபோது அலமாரியைத் திறந்து, துணிகளை விலக்கி, பின்பலகையைத் தட்டினேன். சுவர் மாதிரி ஒலிக்கவில்லை. தட்டிய கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றேன் - பதிலுக்கு ஏதாவது தட்டுமோ என்று. பைத்தியக்காரி.

ஜனெலை என் அறையில் படுக்க வைத்தேன்.

ஜூலை 12, சனி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். மதியம். ஜனெலோடு நானும் உட்கார்ந்திருந்தேன். விளையாட்டுக்குள் ஓர் ஆள் வந்தான். நீலச் சட்டை போட்ட பொம்மை. நேரே வீட்டுக்குள் நுழைந்து, அந்த இரும்புக் கதவின் முன்னால் வந்து நின்றான். நகரவே இல்லை.

யாரு நீ என்று ஜனெல் தட்டினாள். திரையில் பதில் வந்தது.

"நீ உள்ள இருக்கியா?"

எங்கே என்று கேட்டாள்.

"அலமாரிக்குப் பின்னாடி. உன்னையும் போட்டுப் பூட்டிட்டாரா?"

விசைப்பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். விரலுக்கு எழுத்து அகப்படவில்லை. உன் பேர் என்ன, எங்கே இருக்கிறாய் என்று ஒருவழியாகத் தட்டினேன். ஜெமுவேல் என்றான். காசு போட்டுக் கம்ப்யூட்டரில் விளையாடும் கடையில் இருக்கிறானாம். மாமா மதியம் தூங்கும்போதுதான் வர முடியுமாம். முன்பு இந்தக் கம்ப்யூட்டர் அவர்கள் வீட்டில் இருந்ததாம்; இது ஓடினால்தான் அவன் கட்டிய ஊருக்குள் வர முடியும் என்பதால், அந்த நேரத்தில் தானாக எழும்படி அப்போதே செய்துவைத்திருந்தானாம்.

எந்த ஊர் என்று கேட்டேன். "காசு முடியப் போகுது" என்று வந்தது. நீலச் சட்டை மறைந்தது.

ஜூலை 13, ஞாயிறு

வீட்டுக்கார அக்கா, மனாங் பூரிதா வந்தாள். அலமாரிக்குப் பின்னால் என்ன என்று கேட்டதும், "அது படிக்குக் கீழ சாமான் போடுற இடம். உனக்கு முன்னாடி இருந்த ஆளு பலகை அடிச்சு மூடிட்டுப் போனான். எனக்கென்ன, சுத்தமா இருந்தாச் சரின்னு விட்டேன்" என்றாள்.

அக்கா மகனை வளர்த்தானாம் அந்த ஆள். பையனின் அம்மா குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாளாம். "நல்ல மனுசன்தான். பிள்ளை சத்தமே கேக்காது."

சத்தமே கேட்காதாம்.

சுத்தியலை எடுத்துவந்து இருவருமாகப் பலகையைப் பிடுங்கினோம். உள்ளே ஒரு சின்னக் கதவு. தாழ்ப்பாள் எங்கள் பக்கம். திறந்தால் அந்த வாசனை. ஒரு பாய், ஒரு பிளாஸ்டிக் தட்டு. கதவின் உள்பக்கத்தில், என் இடுப்பு உயரத்துக்குக் கீழே, வண்ணம் முழுக்கச் சுரண்டப்பட்டிருந்தது. மனாங் பூரிதா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான்கு மாதம் என் மகள் இதற்கு இந்தப் பக்கம் தூங்கியிருக்கிறாள்.

ஜூலை 14, திங்கள்

மனோங் தித்தோயிடம் போனேன். முதலில் மழுப்பினார். "உள்ள எல்லாம் நல்ல சாமான்தான் இந்தாய். மேல் பெட்டி மட்டும் மாத்தினேன். பழசுன்னு சொன்னா யாரு வாங்குறா?" உள்ளே இருந்ததை அழிக்கக்கூட அவருக்குச் சோம்பல். அந்தச் சோம்பலுக்குக் கும்பிடு போடலாம்போல இருந்தது. விற்றவன் இருக்கும் இடத்தை மட்டும் சொல்லச் சொன்னேன். ஓட்டோன் ஊரில், கடற்கரைப் பக்கம். சொல்லிவிட்டார்.

அங்கிருந்தே சமூக நல அலுவலகம். அலமாரிக்குப் பின்னால் இருந்ததைப் போனில் எடுத்திருந்த படங்களைக் காட்டினேன். அங்கிருந்த பெண் படங்களைப் பார்த்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள்.

ஜூலை 16, புதன்

அலுவலகத்துப் பெண் போன் செய்தாள். ஓட்டோன் வீடு காலியாம். சனிக்கிழமை மாலையே போய்விட்டார்களாம்.

சனிக்கிழமை. நான் ஊர் கேட்ட அன்று. கடையில் யாராவது பார்த்து அந்த மாமனிடம் சொல்லியிருப்பார்களோ? கேட்காமல் இருந்திருக்கலாமோ?

ஜூலை 17, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. மதியம் கம்ப்யூட்டர் எழுந்தது. யாரும் வரவில்லை. எட்மார் அழைத்தான். "அதை விட்டு எந்திரிச்சு ஏதாவது சாப்பிடு. நீ பாத்துக்கிட்டு இருந்தா வருவானா?" நான் எழுந்தால் வராமல் போய்விட்டால்?

ஜூலை 19, சனி

நீலச் சட்டை வந்தது. ஒரே வரி. "படகு சத்தம் கேக்குது. பெரிய சிமெண்ட் ஆலை தெரியுது."

அந்த ஆலையை நான் தினமும் துறையிலிருந்து பார்க்கிறேன். எதிர்க்கரை.

அலுவலகத்துப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

"பையன் கிடைச்சுட்டான் மனாங். உயிரோட இருக்கான்." அலுவலகத்துப் பெண் போனில் அவ்வளவுதான் சொன்னாள். மாமனைப் பிடித்துவிட்டார்களாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஜெமுவேல் கிமாராஸ் தீவில் பெரியம்மா வீட்டில் இருக்கிறான். அம்மா அடுத்த மாதம் குவைத்திலிருந்து வந்துவிடுவாளாம். நாங்களும் இந்த வீட்டைக் காலி செய்கிறோம். இன்று ஜனெலைக் கூட்டிக்கொண்டு படகேறி அவனைப் பார்க்கப் போனேன்.

நினைத்ததைவிடச் சின்னவன். வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். "வீட்டுக்குள்ள வரவே மாட்டேங்கிறான். சோறு, தூக்கம் எல்லாம் இங்கதான். கொசுவலையையும் இங்கேயே கட்டிட்டேன்" என்று பெரியம்மா சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் பெரியவர்கள் உள்ளே ஒதுங்கினோம். ஜனெல் அவனிடம் போனாள். அவன் எழுந்து, தான் இருந்த ஓரத்தை, மழை அடிக்கும் பக்கத்தை, அவளுக்கு விட்டான்.

"இங்க உக்காரு. இங்கேர்ந்துன்னா ஓடிடலாம்."

அவள் உட்கார்ந்தாள். தோள் முழுக்க நனைந்தது. நான் கூப்பிடவில்லை.