பதினான்கு வெற்றி, நாற்பத்தைந்து தோல்வி

மார்ச் 3, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. காலையிலிருந்து இரண்டே பேர். ஒருவர் கண்ணாடியின் காது உடைந்து வந்தார், இன்னொருவர் மழைக்கு ஒதுங்கினார். லென்ஸ் தேய்க்கும் மேசையைத் துடைத்து வைத்துவிட்டு, வழக்கம்போல இணையத்தில் என் வீட்டுக்காரருடைய பக்கத்தைத் திறந்தேன்.

உலகத்தில் யார் எங்கே குத்துச்சண்டை போட்டாலும் அந்த இணையதளத்தில் ஏறிவிடும். ஆளுக்கொரு பக்கம். தேதி, எதிராளி, ஊர், எத்தனை சுற்று, முடிவு. ஜெயித்தால் பச்சைக் கட்டம், தோற்றால் சிவப்பு. அவருடைய பக்கம் மிளகாய் காயப்போட்ட மாதிரி இருக்கும். போன சனிக்கிழமையோடு பதினான்கு வெற்றி, நாற்பத்திரண்டு தோல்வி, இரண்டு சமன். நான்காம் சுற்றில் விழுந்தார். பத்து எண்ணி முடிப்பதற்குள் எழுந்திருக்கவில்லை.

இன்று பெயருக்குக் கீழே புதிதாக ஒரு வரி: மருத்துவ ஓய்வு, ஏப்ரல் 29 வரை ஆடக்கூடாது.

அவருக்கு அது தண்டனை. எனக்கு அறுபது நாள் நிம்மதி. எங்கேயோ உட்கார்ந்து அந்த ஒரு வரியைத் தட்டிய முகம் தெரியாதவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

மார்ச் 7, சனி

எங்கள் மகளுக்கு, அப்பா வீட்டில் இருக்கும் சனிக்கிழமை. பாப்பா அவர் முதுகில் ஏறி உட்கார்ந்து நடுவர் மாதிரி பத்து எண்ணினாள். ஏழு வந்ததும் எழுந்துவிட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

வெள்ளிக்கிழமை, தான் பெட்டி இறக்கும் கிடங்கின் லாரியில் வெளியூருக்குச் சரக்கோடு போக வேண்டும் என்று சொல்லிப் போனவர் இன்று மதியம்தான் வந்தார். கீழுதடு வெடித்திருக்கிறது. லாரிக் கதவு பட்டுவிட்டதாம்.

பத்து வருஷமாக அந்த உதட்டுக்கு மருந்து போடுகிறேன். கதவு பட்டதற்கும் கை பட்டதற்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும் அவர்.

மார்ச் 17

தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். நேற்றும்.

மார்ச் 20, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

அந்தத் தளத்தில் தேதி போட்டும் தேடலாம். போன சனிக்கிழமை, இங்கிருந்து ஐந்து மணி நேரம் தள்ளி ஓர் ஊர். பட்டியலின் கடைசியில் கேள்விப்படாத ஒரு பெயர். ஆடியது மூன்று, தோற்றது மூன்று. படம் இல்லை. ஆட்டம் நடத்தியவர்கள் வேறோர் இடத்தில் படங்கள் போட்டிருந்தார்கள், ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்பதாவது படத்தில் ஓர் ஆள் கயிற்றில் சாய்ந்து முகத்தைக் கைக்குள் புதைத்துக்கொண்டிருக்கிறார். கறுப்பு அரைக்கால் சட்டை. இடது தொடை ஓரத்தில் மட்டும் நீல நூல் தையல்.

கறுப்பு நூல் தீர்ந்துபோய் நான் தைத்தது அது. "யாரு பாக்கப் போறா" என்று அன்றைக்குச் சொன்னார். நான் பார்த்துவிட்டேன்.

மூன்று ஆட்டங்களின் தேதியையும் ஒப்பிட்டேன். மூன்றும் அவருக்கு ஓய்வு போட்ட நாட்களுக்குள். ஒவ்வோர் ஓய்வுக்கும் நான் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேனே — பைத்தியக்காரி.

மார்ச் 21, சனி

கடை அடைக்கும் நேரத்தில் என்னைக் கூட்டிப்போக வந்தார். முதலாளியம்மா கிளம்பிவிட்டார். "சும்மா உட்காருங்க, ஒரு நிமிஷம்" என்று எழுத்துப் பலகைக்கு எதிரே உட்காரவைத்து, வலது கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தார். எனக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர், மனப்பாடம்தான். நான் எழுத்தைக் கழற்றிவிட்டுக் குழந்தைகளுக்கான படப் பலகையை மாட்டினேன். வீடு, குடை, பறவை.

மூடியிருந்த வலது கண்ணைத் திறக்கப் பார்த்தார்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். கண்ணுக்குள் கொசு பறக்கிற மாதிரி இருக்கிறதாம். மின்னல் மாதிரி ஏதோ வெட்டுகிறதாம். "இந்த ஓரத்துல ஒரு திரை தொங்குது."

"லாரிக் கதவு பட்டதுக்கு அப்புறமா?" என்று கேட்டேன். என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினார்.

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்குத் திரை என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். கண்ணுக்குள்ளே விழித்திரை பிய்ந்துகொண்டு வருகிறது. இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். மாட்டேன் என்கிறார். ஏப்ரல் நாலாம் தேதி அந்த இன்னொரு பெயரில் ஓர் ஆட்டம் பேசி முடித்திருக்கிறதாம். அது முடிந்ததும் நேராக டாக்டர்தானாம்.

"இப்ப போனா ஆடக்கூடாதுன்னு எழுதிடுவாங்க. எழுதிட்டா அவ்வளவுதான். அப்புறம் நான் யாரு? பெட்டி இறக்குறவன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. பெட்டி இறக்குறவரைத்தானே நான் கட்டிக்கிட்டேன்? குத்துச்சண்டைக்காரரையா?

மார்ச் 22, ஞாயிறு

காலையில் மறுபடி கெஞ்சினேன். பலனில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். "நீ சொல்லிக் கேக்கலன்னா, அவர் யார் சொன்னா கேப்பாரோ அவங்ககிட்ட சொல்லு" என்றாள்.

யார் சொன்னால் கேட்பார்? இந்த ஊர்க் குத்துச்சண்டைச் சங்கம் வேறு, அந்த ஊர்ச் சங்கம் வேறு. ஒருவரோடு ஒருவருக்குப் பேச்சே கிடையாது. ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு பேருமே திறந்து பார்ப்பது அந்த ஒரு தளத்தைத்தான்.

பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்: பிழை கண்டால் தெரிவிக்கவும். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அதை அழுத்தியதில்லை.

அழுத்தினேன். இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள், இவர் கண்ணில் விழித்திரை பிய்கிறது, நான் அவர் மனைவி, இதோ நீல நூல் தெரியும் படம், இதோ வீட்டில் அதே கால்சட்டை கொடியில் காயும் படம். அனுப்பியதும் கட்டின புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று மனசுக்குள் ஒரு குரல். அனுப்பாமல் இருந்திருந்தால் வேறு குரல் கேட்டிருக்கும். அதற்கு இது தேவலை.

மார்ச் 23, திங்கள்

பதில் வந்துவிட்டது. அந்தப் பக்கங்களைப் பார்த்துக்கொள்பவர் ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநராம். பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டு, மதியம் பேருந்திலேயே உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறாராம். சம்பளம் கிடையாது. என் பெயர் எங்கேயும் வராது என்று எழுதியிருந்தார். இரண்டு பக்கங்களையும் ஒன்றாக்கிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது, உறுதியா என்று கேட்டிருந்தார். கடைசியில் இப்படி: "உங்கள் கணவரின் பன்னிரண்டாவது ஆட்டத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தோற்றதாகத் தீர்ப்பு சொன்னார்கள். அது தப்பான தீர்ப்பு."

லென்ஸ் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். முதலாளியம்மா கண்ணில் தூள் விழுந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்.

உறுதி என்று எழுதினேன்.

மார்ச் 24, செவ்வாய்

பதினான்கு வெற்றி, நாற்பத்தைந்து தோல்வி, இரண்டு சமன். பக்கம் ஒன்றே ஒன்று.

மதியமே ஆட்டம் பிடித்துக் கொடுக்கும் தரகர் போன் செய்துவிட்டார். நாலாம் தேதி ஆட்டம் ரத்து. இரண்டு சங்கமும் கேட்டிருக்கின்றன: தலை, கண், எல்லாவற்றையும் முழுசாகச் சோதித்து அறிக்கை தராமல் இனி எந்த ஊரிலும் கையுறை மாட்ட முடியாது. தரகர் இனிமேல் கூப்பிட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாராம்.

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னார்: "எவனோ ஒருத்தன் போட்டுக் குடுத்துட்டான். நான் அவனுக்கு என்ன பண்ணேன்?"

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தேன்.

மார்ச் 26, வியாழன்

சோதனையில் தேறிக் காட்டுகிறேன் என்று வீறாப்பாகக் கண் டாக்டரிடம் வந்தார். டாக்டர் பலகைப் பக்கமே போகவில்லை. சொட்டு மருந்து விட்டு, விளக்கை வைத்து உள்ளே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு அவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்: "அவருக்குச் சர்க்கரை, பிரஷர் ஏதாவது இருக்கா? நாளைக்கே ஆபரேஷன் வச்சுக்கலாம்."

நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். அதனால்தான் பார்வை மிச்சமிருக்கிறதாம். "இது மேல இன்னொரு குத்து விழுந்திருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார்.

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 27

மூன்று மணி நேரம். நல்லபடியாக முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்னார். நன்றி, நன்றி, நன்றி. யாருக்கு என்று தெரியாமல் எல்லாருக்கும். கதவைத் திறந்துவிட்ட காவலாளிக்கும்.

மார்ச் 30, திங்கள்

கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழி வைத்திருக்கிறார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் பத்து நாள் முகம் கீழே பார்த்தே இருக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம், பேச்சு, எல்லாம் தரையைப் பார்த்து. இரண்டு தலையணைக்கு நடுவே இடைவெளி விட்டு முகத்தை வைத்துக் குப்புறப் படுத்திருக்கிறார். பாப்பா கட்டிலுக்கு அடியில் போய் மல்லாந்து படுத்துக்கொண்டு அவருக்குப் பள்ளிக்கூடக் கதை சொல்கிறாள். நாற்பத்தைந்து தடவை தோற்றபோதும் இப்படிக் கவிழ்ந்து கிடந்ததில்லை என்று சிரிக்கிறார்.

கிடங்கிலிருந்து கூட வேலை செய்கிறவர்கள் வந்தார்கள். அவருடைய வேலை நாட்களை ஆளுக்கொரு நாளாகப் பார்த்துக்கொள்கிறார்களாம். பெட்டி இறக்குகிறவர்கள்.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று சொல்லிவிட்டேன்.

நானாகச் சொல்லியிருப்பேனா தெரியாது. அவர்தான் ஆரம்பித்தார். அந்தத் தளத்துக்காரனுக்கு ஒரு கடிதம் போட வேண்டுமாம். தன்னால் படிக்கவோ எழுதவோ முடியாது, நீ தட்டு என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், நான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டினேன்.

"ஐயா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. மொதல்ல உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்ப என் பொண்ணோட முகம் ரெண்டு கண்ணுலயும் தெரியப் போகுதுன்னு டாக்டர் சொல்றார். உங்களுக்கு யார் சொன்னாங்களோ, அவங்களுக்கும் —"

என் விரல் நின்றுவிட்டது.

"என்ன, தட்டு."

"நான்தாங்க சொன்னேன்."

திரும்பிப் பார்க்க முடியாத மனிதரிடம், பின்னந்தலையைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். நீல நூல், ஒன்பதாவது படம், ஞாயிற்றுக்கிழமை, எல்லாம். முகத்தைப் பார்த்து என்றால் சொல்லியிருக்க மாட்டேன். காது மட்டும் சிவந்தது. தலையணைக்குள்ளிருந்து சொன்னார்:

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னேனே. ரெண்டு நாள் சொன்னேனே."

கடிதம் பாதியில் கிடக்கிறது.

ஏப்ரல் 3

பேசவில்லை.

ஏப்ரல் 4, சனி

பேசவில்லை. ஊட்டினால் வாங்கிக்கொள்கிறார். இன்றுதான் அந்த ஆட்டம் நடந்திருக்க வேண்டிய நாள். அவர் மறக்கவில்லை என்று மூச்சிலேயே தெரிந்தது. என் மனசு மட்டும், அவர் பேசாவிட்டால் என்ன, இங்கே இருக்கிறாரே என்கிறது.

ஏப்ரல் 5

பாப்பாவிடம் "அம்மாவைத் தண்ணி கொண்டுவரச் சொல்லு" என்றார். நான் இரண்டடி தூரத்தில் நிற்கிறேன்.

ஏப்ரல் 6, திங்கள்

முதுகு பிடித்துக்கொண்டது என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கப் பிடிக்காமல், பள்ளிப் பேருந்து ஓட்டுகிற அந்த மனிதரைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டாவது ஆட்டத்தை நேரில் பார்த்தாராம், அது தப்பான தீர்ப்பாம் என்றேன்.

தேய்க்கிற கைக்கடியில் முதுகு அப்படியே நின்றது.

"அதைத்தானே நான் இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன். நீ நம்பினியா?"

"இல்லீங்க."

முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து குனிந்து பார்த்தேன். சிரிக்கிறார். குமிழி ஆடிவிடும், சிரிக்காதீங்க என்று நானும் சிரித்தேன். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். அது வேறு விஷயம்.

கடிதத்தை முடித்து அனுப்பினோம்.

மே 11, திங்கள்

குமிழி முழுசாகக் கரைந்துவிட்டது. வீடு, குடை, பறவை மூன்றையும் சொன்னார். நான்காவது வரியில் வாத்தைக் கோழி என்றார். நல்ல கண் உள்ளவர்களே அப்படித்தான் சொல்வார்கள்.

பேருந்துக்காரருக்கு அவரே எழுதினார். அந்த மூன்று தோல்வியும் பக்கத்தில் இருக்கட்டும், எடுக்க வேண்டாம், நான் ஆடினதுதான். கீழே "ஓய்வு பெற்றார்" என்று போட்டுவிடுங்கள். எழுதிவிட்டுக் கிடங்குக்குக் கிளம்பினார். வாசல்வரைக்கும் போய்த் திரும்பி வந்து, போட்டாச்சா பாரு என்றார்.

ஜூலை 19, ஞாயிறு

சனிக்கிழமைகளில் இப்போது ஆட்டம் நடக்கும் மண்டபத்துக்குப் போகிறார். மேடையோரமாக உட்கார்ந்து சுற்று, நேரம், முடிவு எல்லாம் குறித்துக்கொண்டு வந்து தளத்துக்கு அனுப்புகிறார். கையெழுத்துதான் கோழி கிளறிய மாதிரி. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துத் தட்டுகிறேன்.

செப்டம்பர் 8, செவ்வாய்

சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன். ஒரு பெண். குரல் ரொம்ப மெல்லிசாக இருந்தது. அவள் வீட்டுக்காரரும் ஆடுகிறவராம். இரண்டு வாரமாக வீட்டுக்கு வரும் வழியே மறந்துபோகிறதாம், இந்த மாதக் கடைசியில் ஆட்டம் இருக்கிறதாம், டாக்டரிடம் வர மாட்டேன் என்கிறாராம்.

என் எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன்.

"மண்டபத்துல உங்க வீட்டுக்காரர்தான் குடுத்தார். என் பொண்டாட்டிகிட்ட பேசுங்க, என்ன பண்ணணும்னு அவளுக்குத் தெரியும்னு சொன்னார்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிறகு எங்கே அழுத்த வேண்டும், என்னென்ன எழுத வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

"அவருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்க்கா?"

"நாலு நாள் பேச மாட்டார். அதுக்கு மட்டும் மனசத் தேத்திக்கோ."

உள்ளறையில் அவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.