நீ தின்ற விபூதி

என் அம்மாவுக்கு,

அடி அண்ணாமலையில் எல்லோரும் சௌக்கியம் என்று எழுத ஆசை. உன்னிடம் பொய் சொல்லி நான் எப்போது தப்பித்திருக்கிறேன்? தம்பி மனைவி கவிதா உடம்பு கெட்டுப்போய் இப்போதுதான் தேறி வருகிறாள். அதில் உன்னைப் பற்றியும் ஊரறிய ஒன்று சொல்லிவிட்டேன். மற்றவர் சொல்லி உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

கவிதா முழுகாமல் இருக்கிறாள், ஐந்தாம் மாதம். போன மாதம் டவுனில் என் தையல் கடையைச் சாத்திவிட்டு அவளைப் பார்க்கப் போனேன். சாமி மாடத்தின் முன்னால் நின்று விபூதியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். நெற்றிக்கு ஒரு சிட்டிகை, வாய்க்கு ஒரு கை. அப்படியே நீ.

"பாத்தியாக்கா, அம்மாவே வந்து பொறக்கப் போறாங்க. அவங்களும் இப்படித்தானே, வாயில விபூதி இல்லாத நேரமே கெடையாது," என்றான் தம்பி. முகமெல்லாம் பூரிப்பு.

உண்மைதான். முந்தானையில் விபூதிப் பொட்டலத்தை முடிந்துகொண்டுதான் வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுப்பாய். கிரிவலம் வருகிறவர்கள்கூட உன்னை நிறுத்தி ஆசீர்வாதம் வாங்கியிருக்கிறார்கள். நாலு படி ஏறினால் உனக்கு மூச்சு வாங்கும், முகம் வெளுத்துக் கிடக்கும். அதையும் விரதம் இருந்த களை என்றுதானே நாங்கள் சொன்னோம்?

கவிதாவின் உதடும் நகமும் வெளுத்திருந்ததைப் பார்த்தபோது எனக்குப் பூரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரத்தம் ரொம்பக் கம்மி. "மண்ணு, சாம்பல், பச்சரிசி ஏதாவது திங்கிறியாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார். இரும்புச்சத்து குறைந்தால் நாக்கு அப்படித்தான் அலையுமாம். கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்து மலத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். அந்த டப்பாவை பஸ்ஸில் கொண்டுபோக உன் மகன் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறியிருக்கும்.

கொக்கிப்புழு என்று வந்தது. குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிற புழு. "கழுவிக் கழுவித்தானே சமைக்கிறேன், எனக்கு எப்படி?" என்று கவிதா அழுதாள். கால் வழியாக ஏறியிருக்கும் என்றார் டாக்டரம்மா. புழு உள்ளவர் வெளிக்குப் போன இடத்தில் முட்டை விழுகிறது. அது ஈர மண்ணில் பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத குட்டிப் புழு வெறுங்கால் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு வயிற்றுக்கு இறங்கிக் குடியேறிவிடுகிறது.

அவர் சொல்லச் சொல்ல நம் கொல்லைதான் கண்ணில் வந்தது. பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையிலிருந்து அவசரத்துக்கு ஒதுங்குகிறவர்கள் நம் வேலியைத்தான் தாண்டுகிறார்கள். அந்த ஈரத்தில்தான் நீ வெறுங்காலோடு இறங்குவாய், இப்போது கவிதா இறங்குகிறாள். மலையைப் பார்த்தபடி வேலை செய்கிற நிலத்தில் செருப்புப் போடக் கூடாது என்பது நீ வைத்த சட்டம். மழைக்காலத்தில் கால் அரித்தால் மஞ்சள் பூசிக்கொள்வாய். உனக்குள்ளும் அதுதான் இருந்ததா அம்மா? உன்னை எரித்தாகிவிட்டது, இனி எதை வைத்துப் பார்ப்பது?

புழுவுக்கும் ரத்தத்துக்கும் மாத்திரை கொடுத்தார்கள். வெறுங்காலோடு அந்த மண்ணில் இறங்கினால் மறுபடி ஏறும், பிள்ளைக்கும் ஆபத்து என்றும் எச்சரித்தார்கள். நான் செருப்பு வாங்கிக்கொண்டு கொல்லைக்கே போனேன். கவிதா தொடவே இல்லை. "அத்தை போடாத செருப்ப நான் போட்டா ஊரு என்னா சொல்லும் அண்ணி?" என்றாள். "அம்மாவுக்கு ஒண்ணும் ஆவலையேக்கா," என்றான் தம்பி.

எனக்கு வந்ததே கோபம்! "ஒண்ணும் ஆவலையா? நம்ம அம்மா பக்தியில விபூதி திங்கலடா. ஒடம்புல ரத்தம் இல்லாம தின்னாங்க. நாம கும்புட்டுக்கினு நின்னோம்!"

பக்கத்துக் கொல்லையில் களை எடுத்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அடித்துச் சொன்னேன். "அம்மா பேரையே கெடுத்துட்டியே," என்று தம்பி எழுந்து போனான். சில நாள் என்னோடு பேசவில்லை.

கவிதா மட்டும் வரப்பில் உட்கார்ந்தே இருந்தாள். பிறகு செருப்பை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இத அப்பவே யாராவது சொல்லியிருந்தா அத்தையும் போட்டுக்கினு இருப்பாங்க இல்ல?" என்று கேட்டாள்.

இப்போது அவள் உதட்டில் ரத்தச் சிவப்பு திரும்பியிருக்கிறது. விபூதி நெற்றியோடு நின்றுவிட்டது. வாயில் அள்ளிப் போடத் தோன்றவே இல்லையாம். இந்தப் பௌர்ணமிக்குத் தம்பி வேலியோரம் நின்று, "கக்கூசு அந்தாண்ட இருக்குது சாமி, இங்க வாணாம்," என்று ஆளாளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். பாதிப் பேர் கேட்டார்கள், பாதிப் பேர் முறைத்தார்கள்.

உன் பக்தி பொய் என்று நான் சொல்லவில்லை அம்மா. அது உனக்கும் மலைக்கும் நடுவில் உள்ளது. ஆனால் உன்னைப் போலவே இன்னொருத்தி வெளுத்துப் போவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க என்னால் முடியாது.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். கவிதாவின் பிள்ளை நடக்கத் தொடங்கியதும் நானே கொல்லைக்குக் கூட்டிப்போய் மலையைக் காட்டுவேன். காலில் செருப்போடுதான் நிற்கும், கை கூப்பிக் கும்பிடும். அண்ணாமலையாருக்குக் கோபம் வந்தால் நீயே பேசிக்கொள். நீ சொன்னால் அவர் கேட்பார்.

இப்படிக்கு,
உன் வாயாடி மூத்த மகள்