கைராசிக்காரி

ஆனி 3, திங்கள்.
விடியற்காலையிலிருந்தே சாரல். வார்டு சேலை காயவில்லை. ஈரத்தோடு கட்டினேன்.

நர்ஸ் பரீட்சை தேறிய நாங்கள் ஆறு பேரும் எந்த வார்டு வேண்டும் என்று சனிக்கிழமைக்குள் மேட்ரன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். எனக்கு ஆபரேஷன் அறை. இரண்டு வருஷமாக அதே ஆசை. அங்கே யாரும் கூச்சல் போடுவதில்லை. டாக்டர் கேட்ட கத்தி கேட்டவுடன் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என்னோடு ஒரே அறையில் இருக்கும் செல்லம்: "ஏட்டி, அங்க எல்லாம் ஆம்பிளைகளுல்லா. உன்னை எடுப்பாவளா?"

எடுக்காமல் என்ன. ஒரு இடம் காலி. விசாரித்துவிட்டேன்.

ஆனி 4, செவ்வாய்.
அம்மாவின் கடிதம். சுகம் விசாரித்தது ஒரு வரி. மீதி முழுக்க மார்த்தாண்டத்து வாத்தியார் வீட்டுச் சம்பந்தம். பிரசவ வார்டு என்றால் அவர்களுக்குச் சம்மதமாம். ஆண் டாக்டர்களோடு நிற்கிற பெண் வேண்டாமாம். மாப்பிள்ளை முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. என் வார்டைத் தீர்மானிக்க அவர் யார்?

வாங்க வேண்டியது: சோப்பு, மை, நீல நூல்.

ஆனி 5, புதன்.
பிரசவ வார்டில் ஆள் குறைவு. என்னை அங்கே தள்ளிவிட்டார்கள். தேங்காய்ப்பட்டணத்து மீன்காரர் மனைவி, இரண்டு நாள் வலி. பிள்ளையின் கால் முன்னே. டாக்டரம்மா வெளியூரில். மூத்த நர்ஸுக்குக் காய்ச்சல். படித்ததை வரிசையாக மனசுக்குள் சொல்லிக்கொண்டே செய்தேன். உடம்பு வந்த பின் தலை நின்றுவிட்டது. பிறகு வந்தது. ஆண். நீலம் பாரித்து. தேய்த்தேன், வாயில் ஊதினேன். அழுதான்.

பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

அவள் மாமியார் வார்டு முழுக்கக் கேட்கும்படி: "எனக்க பொன்னு மக்களே, உனக்க கை ராசியுள்ள கையாக்கும்!"

ஆனி 6, வியாழன்.
கைராசி, கைராசி. காதே புளித்துவிட்டது. "அந்த ராசிக்கார நர்ஸைக் கூப்பிடுங்கோ" என்று மூன்று பேர். நான் சாப்பிட்டு வரும்வரை ஒருத்தி வலியை அடக்கிக்கொண்டு கிடந்தாளாம். பைத்தியங்கள்.

மேட்ரன் அம்மா: "ஆண்டவரே உனக்கு வழி காட்டிவிட்டார்." என் பேரைப் பிரசவ வார்டில் எழுதியும் ஆயிற்று. என்னைக் கேட்கவே இல்லை. சனிக்கிழமை என்று சொன்னது எதற்கு?

ஆனி 7, வெள்ளி.
குலசேகரத்துப் பெண். தலைப்பிரசவம். நான்தான் பார்த்தேன். பிள்ளை வயிற்றிலேயே இறந்திருந்தது. இங்கே வரும்போதே துடிப்பு இல்லை. அவளைத்தான் பிழைக்க வைக்க முடிந்தது.

மத்தியானம் தேங்காய்ப்பட்டணத்துப் பையனைக் குளிப்பாட்டப் போனேன். மாமியார் அவனை மார்போடு அணைத்துத் திரும்பிக்கொண்டாள். "இன்னைக்கு நீ தொடாண்டாம் மக்களே."

இரண்டே நாள்.

ஆனி 8, சனி.
மேட்ரன் அம்மாவிடம் போனேன். ஆபரேஷன் அறை என்றேன். "ஒரு சாவுக்குப் பயந்து ஓடுகிறாயா?"

"புதன்கிழமை இருந்த கைதான் வெள்ளிக்கிழமையும் இருந்தது அம்மா. நான் படித்து வந்தேன். அதை ராசி என்று சொல்லாத இடத்தில் வேலை செய்ய வேண்டும்." குரல் உயர்ந்துவிட்டது. அவர் பதிவேட்டைத் திறந்தார். பேரை அடித்தார். மாற்றி எழுதினார்.

அம்மாவுக்கு இரண்டு வரி: ஆபரேஷன் அறை. வாத்தியார் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

சாமான்களை எடுக்கப் பிரசவ வார்டுக்குப் போனபோது குலசேகரத்துப் பெண் கூப்பிட்டாள். "அது ஆணா, பெண்ணா?" ஒருவரும் சொல்லவில்லையாம். அவளும் யாரிடமும் கேட்கவில்லையாம்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். பெண் என்றேன்.