சிஸ்டர் கொட்டிய தண்ணீர்

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தைப் போனில் கேட்டால் "ம்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம். கீமோ ஏறிய பிறகு சாப்பிட முடிகிறதா? கைப் புண் ஆறுகிறதா?

ஒரு நல்ல செய்தி. நம் புகாருக்கு மருத்துவமனையிலிருந்து பதில் வந்துவிட்டது. உங்களுக்கு ஊசி போட்ட அந்த சிஸ்டரைப் புற்றுநோய் வார்டிலிருந்து எடுத்து, துணி அறைக்கு மாற்றிவிட்டார்களாம். இனி யாருக்கும் ஊசி போட மாட்டாள். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவரின் வார்த்தைக்கு மதிப்பில்லாமல் போகுமா?

சந்தோஷமாக இரண்டு வரியாவது எழுதுங்கள். வார்த்தையில் இத்தனை கஞ்சத்தனம் ஆகாது.

உங்கள் செல்ல மகள்,
குட்டி

மார்ச் 9

என் கண்ணான குட்டிக்கு,

இரண்டு வரி கேட்டாய், நீளமாகவே எழுதுகிறேன். போனில் சொல்ல முடியாது. பக்கத்துக் கட்டில்காரருக்குப் பாம்புக் காது. படித்துவிட்டு என்னைத் திட்டு.

அந்த சிஸ்டர் ஊசியைச் சரியாகத்தான் போட்டாள். "மருந்து ஏறும்போது எழுந்திரிக்காதீங்க, பெல் அடிங்க, நான் வர்றேன்" என்று பத்து தடவை சொன்னாள். எனக்கு ஒன்றுக்கு வந்தது. உன் வயசுப் பெண்ணைக் கூப்பிட்டு அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு நானே கிளம்பினேன். குழாய் கட்டில் கம்பியில் மாட்டி இழுத்ததில் ஊசி நகர்ந்துவிட்டது. பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டிக்கொண்டு நடந்தேன். கழிப்பறை வரைகூடப் போக முடியவில்லை. நனைந்தபடியே திரும்பி வந்து போர்த்திக்கொண்டு படுத்தேன்.

அவள் வந்தாள். போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். மேஜையில் இருந்த தண்ணீர் ஜக்கை எடுத்து என் படுக்கையிலேயே கவிழ்த்தாள். "அய்யோ, முழு ஜக்கையும் கொட்டிட்டேனே! என் கையென்ன சல்லடையா?" என்று ஊரைக் கூட்டினாள். வார்டே அவளைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே எனக்கு உடுப்பு மாற்றி, விரிப்பும் மாற்றிவிட்டாள். "கை எரியுதா?" என்று கேட்டாள். எரிந்தது. இல்லை என்றேன். சொன்னால் நான் குழாயை இழுத்தது தெரிந்துவிடுமே.

மருந்து தோலுக்கடியில் கசிந்து மாலையில் கை வீங்கியதும் டாக்டர் கேட்டார். அவள் ஊசியைச் சரியாகப் போடவில்லை என்று பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டேன். நீ எழுதிய புகாரில் இரண்டாவது குற்றம், நோயாளியின் படுக்கையில் தண்ணீர் கொட்டினாள் என்பது. அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், குட்டி. விசாரணையில், "ஆமா, தண்ணி கொட்டினது நான்தான்" என்று ஒப்புக்கொண்டாளாம். அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

என்னிடம் டிக்கெட் இல்லாமல் மாட்டியவன் எவனும் இவ்வளவு கேவலமான பொய் சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது. சோறு இறங்காததற்கு மருந்து மட்டும் காரணமில்லை.

அப்பா

மார்ச் 15

அப்பாவுக்கு,

"அன்புள்ள" என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.

"பொறுப்பில்லாதவள்" என்று புகாரில் எழுதியது நான். அந்த சிஸ்டரை ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினேன். நினைத்தால் எனக்கும் உடம்பு கூசுகிறது.

உங்களுக்காக இன்னொரு கடிதம் நான் எழுத மாட்டேன். தலைமை நர்ஸுக்கு நீங்களே எழுதுங்கள், படுக்கை நனைந்ததையும் சேர்த்து. அதை விட்டுவிட்டால் அதுவும் பொய்தான்.

கோபத்தில் சொல்கிறேன் என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

மகள்

மார்ச் 24

குட்டிக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன், எதையும் மறைக்கவில்லை. தலைமை நர்ஸ் என் முன்னாலேயே உட்கார்ந்து படித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாளே அவளை வார்டுக்குத் திரும்ப அழைத்துவிட்டார்கள்.

நேற்று எனக்கு மருந்து. அவள்தான் வந்தாள். ஊசியை எடுத்தாள், திரும்பத் தட்டில் வைத்தாள். அவள் அப்படித் தயங்கி நான் பார்த்ததே இல்லை.

"வேற சிஸ்டரைக் கூப்பிடவா?" என்றாள்.

"வேண்டாம்மா, நீயே போடு."

முதல் தடவை நரம்பு நழுவியது. இரண்டாவது தடவையும். உயிர் போகிற வலி, ஆனாலும் கையை நீட்டியபடியே இருந்தேன். மூன்றாவதில் ஏறியது. "என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். "கையை ஆட்டாதீங்க" என்றாள். குழாயைச் சரிபார்த்தாள், முதுகுக்குத் தலையணை வைத்தாள். ஒன்றிலும் குறை வைக்கவில்லை.

இந்த வார்டில் இருக்கிற கிழவர்கள் எல்லோரும் அவளுக்கு அப்பாதான். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நேற்றும் பக்கத்துக் கட்டிலில், "சாப்பிட்டீங்களா அப்பா?" என்று கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வலிக்குதா சார்?" என்றாள்.

அப்பா