ஊர் பாஸ்

மார்ச் 3

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய். போனில் பேசினால் உன் ஆஸ்பத்திரி லாண்டரி மெஷின் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது, எழுதிப் போடுங்கள் என்றாய். எழுதுகிறேன்.

நாம் இனி ஓய்வாக இருக்கப்போகிற ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டேன். பம்பு கம்பெனியில் காலம் பூராவும் தரம் பார்த்த கண் இது. சும்மா சொல்லாது. ஊர் பாஸ்.

வெயில் முதுகைச் சுடவில்லை. குழாயில் இரண்டு வேளையும் தண்ணீர். ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டு, வரிசையாக பெஞ்சு போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் ஆனால் ரிடையர் ஆனவர்கள் எல்லோரும் அங்கேதான். யாருக்கும் எந்த அவசரமும் இல்லை. நம் ஸ்டோர்கீப்பரும், டைம் ஆபீஸில் இருந்தாரே, 'கடிகாரம்', அவரும் இங்கே வந்து குடியேறிவிட்டார்கள். நான் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டில் சமையலறை பெரிது. உனக்குப் பிடிக்கும்.

நீயும் வேலையை விட்டுவிட்டு வந்துவிடு. ஊரான் அழுக்கைத் துவைத்தது போதும்.

உன் கணவன்

மார்ச் 11

என்னங்க,

கடிதம் கிடைத்தது. மெஷின் சத்தம் ஒரு சாக்கு. போனில் நீங்கள் பேசுவதுதான் பேச்சு. கடிதத்தில் என்னைக் குறுக்கே வெட்ட முடியாது.

நான் துவைப்பதில்லை. போன வருஷத்திலிருந்து நான்தான் சூப்பர்வைசர், லாண்டரிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது என்று எத்தனை முறை சொல்லிவிட்டேன். உங்களுக்கு நான் இன்னும் துவைக்கிறவள்தான்.

சமையலறை பெரிது என்று எழுதினீர்கள். வேறு என்ன அறை இருக்கிறது என்று எழுதவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பெஞ்சுகளில் பெண்கள் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? பார்த்து எழுதுங்கள்.

வீட்டில் எல்லாம் நலம். தண்ணி மோட்டார் மக்கர் பண்ணியது. பக்கத்து வீட்டில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிற பெண்ணும் நானுமே சரி பண்ணிவிட்டோம்.

உங்கள் மனைவி

மார்ச் 19

அன்புள்ளவளுக்கு,

இது என்ன கேள்வி? பெண்களுக்கு வீட்டில் வேலை இருக்காதா? விளக்கு வைக்கிற நேரத்தில் ஏரிக்கரையில் அவர்களுக்கு என்ன? உனக்கு வரவர எல்லாவற்றிலும் குற்றம்தான்.

நல்ல செய்தி ஒன்று. கடிகாரத்தின் மனைவி போன வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஸ்டோர்கீப்பர் மனைவி மகன் குழந்தையைப் பார்க்கப் போனவள் திரும்பவில்லை. பாவம், இருவரும் கடைச் சாப்பாட்டில் கிடக்கிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து மதியம் நம் வீட்டில்தான் சாப்பாடு என்று சொல்லிவிட்டேன். உன் கைப்பக்குவம் தெரிந்தவர்கள். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்கள். உனக்கும் இங்கே பொழுது போக வேண்டாமா?

ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாயா?

உன் கணவன்

ஏப்ரல் 2

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கு வந்திருந்தேன். சொல்லாமல்தான் வந்தேன். நீங்கள் பார்த்த ஊரை நானும் பார்க்க வேண்டாமா?

நடைபாதையைப் பெருக்குகிற அம்மா எல்லா பெஞ்சையும் துடைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். மேலே உட்காரலாமே என்றேன். "அது ரிடையர் ஆனவங்களுக்குப் போட்டதும்மா" என்றார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள்.

சாயங்காலம் நீங்கள் மூன்று பேரும் வந்தீர்கள். பெஞ்சு எல்லாம் ஏரியைப் பார்த்துப் போட்டிருக்கிறது. முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று உட்கார்ந்தவருக்குத் தெரியாது. "எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து சமைக்க உன் வீட்டம்மா ஒத்துக்குவாளா?" என்று கடிகாரம் கேட்டார். நீங்கள் சொன்னீர்கள்: "அவளைப் போய்க் கேக்கணுமா? அவளுக்குச் சும்மா உட்காரவே தெரியாதுப்பா."

மூன்று பேரும் சிரித்தீர்கள்.

நான் நாலு பெஞ்சு தள்ளிப் போய் உட்கார்ந்தேன். கடைசி பஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. எனக்கு நன்றாகவே உட்காரத் தெரிகிறது. இத்தனை வருஷம் உட்கார விட்டால்தானே தெரியும்?

எங்கள் லாண்டரியில் கட்டில் விரிப்பு நைந்துபோனால் வெட்டித் தலையணை உறை தைப்போம். அதுவும் நைந்தால் தரை துடைக்க அனுப்புவோம். விரிப்புக்கு ரிடையர்மென்ட் கிடையாது. நீங்கள் பார்த்த ஊரில் எனக்கும் அப்படித்தான். இவ்வளவு நாள் உங்களுக்கு, இனி உங்கள் நண்பர்களுக்கும். நம் கல்யாணத்துக்கு மறுநாள், நான் சமைத்த சோற்றில் முதல் உருண்டையை வாயில் வைத்துவிட்டு "பாஸ்" என்றீர்கள். வேடிக்கை என்று நினைத்து நானும் சிரித்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வேளையும் நீங்கள் பாஸ் போடக் காத்து நின்றிருக்கிறேன். உங்கள் கம்பெனி பம்புக்குக்கூட ஒரே ஒரு முறைதான் சோதனை.

ராஜினாமா எழுதவில்லை. எழுத மாட்டேன். அலுக்கும்போது வேலையிலிருந்து நானே நின்றுகொள்வேன். ஓய்வாக இருக்க நல்ல ஊர் எது என்று நானும் பார்த்துவிட்டேன். வெயில் சுடுகிற, தண்ணீர் ஒரு வேளைதான் வருகிற இந்த ஊர்தான். நீங்கள் கிளம்பிப் போன பிறகு இது நன்றாக இருக்கிறது.

உங்கள் துணிகளைத் துவைத்து மடித்து பார்சலில் போட்டிருக்கிறேன். நான் துவைத்தது அதுதான் கடைசி. வர மாட்டேன். நீங்களும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
லாண்டரி சூப்பர்வைசர்

ஏப்ரல் 20

அன்புள்ளவளுக்கு,

பார்சல் வந்தது. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். ஒரு பேச்சுக்குச் சொன்னதை இப்படியா பிடித்துக்கொள்வது? ஊர் சிரிக்காதா? கோபம் தீர்ந்ததும் எழுது.

அவர்களிடம் சொன்னது சொன்னதுதான், வாக்கு மாற முடியாது. முதல் தேதியிலிருந்து நானே உலை வைக்கிறேன். ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் அடிப்பிடிக்கிறது. ஸ்டோர்கீப்பர் இரண்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை.

ஒரு டம்ளர் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும்? அதையாவது எழுது. பெஞ்சில் எல்லோரையும் கேட்டுவிட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை.