மரகதத்துக்கு ஒரு தாய்மாமன்

ஆவணி 4, திங்கள்

வெயில். ஆவணியிலும் சித்திரை வெயில். ஆடி முழுக்க ஒரு பொட்டு மழை இல்லை. அக்கா வீட்டுக் கிணற்றில் வாளி தரையைத் தட்டுகிறது, சேறுதான் வருகிறது.

காலையில் பர்மாப் பெட்டியைத் திறந்து துணிகளை வெயிலில் போட்டேன். மோல்மேன் ஊர் வாசனை. ஈரமும் சுருட்டும் கலந்தது. காய்ந்தால் போய்விடுமே என்று உடனே மடித்து உள்ளே வைத்தேன். அக்கா பார்த்துவிட்டாள். "வெயில்ல போட எடுத்தவன் ஏன்டா மூடி வெக்கிற?" பூச்சி இல்லை என்றேன்.

அங்கே இந்நேரம் மழை கொட்டும். மாதக்கணக்கில். செருப்பில் பூஞ்சணம். மரக்கால்கள் மேல் நின்ற வீடு, அடியில் தண்ணீர் ஓடும். என் மகள் மரகதம் பலகை இடுக்கு வழியாகக் காகிதக் கப்பல் விடுவாள். அவள் அம்மா மா சேன் சுருட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரிப்பாள். நான் அந்த மழையைத் திட்டாத நாள் கிடையாது. இப்போது ஒரு தூறலுக்கு ஏங்கிக் கிடக்கிறேன்.

மா சேன் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். நானும் குழந்தையும் பிழைத்தோம்.

ஆவணி 6, புதன்

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சீயக்காய், மரகதத்துக்குப் பாவாடைத் துணி.

அக்கா இன்று பேசியே விட்டாள். "ஒம்போது வயசுப் பொண்ணு, காது குத்தாம எத்தினி நாள் வெச்சிக்கினு இருப்ப?"

குத்திட்டாப் போவுது என்றேன்.

"யார் மடியில ஒக்கார வெப்ப? தாய்மாமன் எங்கடா?"

அதுதான் சங்கதி. மா சேனுக்கு அண்ணன் தம்பி கிடையாது, ஒரே ஒரு தங்கை. மாமன் மடி இல்லாமல் ஆசாரி ஊசியைத் தொடமாட்டார். தொட்டாலும் தெருவில் நாலு பேர் வாய் சும்மா இருக்காது. தாய் வீடு இல்லாத பெண் என்று ஒரு பேச்சு ஒட்டிக்கொண்டால் கல்யாணம் வரைக்கும் கூடவே வரும்.

"மாசக் கடைசியில பர்மாவுக்குக் கப்பலேறுற குடும்பம் ஒண்ணு இருக்குது. அவங்களோட அனுப்பிடு. அங்க அது சின்னம்மா பாத்துக்கும். இங்க நீ எத்தினி வாயடப்ப?"

அக்காவுக்குக் கெட்ட மனசு இல்லை. சொல்லிக்கொண்டே மரகதத்தின் தலையைத்தான் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் எரிச்சல்.

ஆவணி 7, வியாழன்

தண்ணீர் சுத்தமாக இல்லை. பக்கத்து வீட்டு ஏகாம்பரம் கிணறு மட்டும் வற்றவில்லை. ஏகாம்பரம் சிவகாமியின் தம்பி. சிவகாமி என் முதல் சம்சாரம், கல்யாணமான மறுவருஷமே போய்விட்டாள். பிள்ளை குட்டி இல்லை. அவள் போன பிறகுதான் நான் பட்டு விற்கக் கப்பலேறினேன். பர்மாக்காரியைக் கட்டினேன் என்று சேதி வந்த நாளிலிருந்து ஏகாம்பரம் என் பேச்சை எடுப்பதில்லையாம். நான் திரும்பி வந்தும் ஒரு வார்த்தை இல்லை. எதிரில் வந்தால் மேலே பார்த்துக்கொண்டு போகிறான், வானத்தில் என்னவோ இருக்கிற மாதிரி. நான் ஒன்றும் தப்புப் பண்ணவில்லை. அவன் கோபமும் தப்பில்லை. தன் அக்கா மேல் அவனுக்கு அவ்வளவு உசிர்.

"நான் போனா மூஞ்சியத் திருப்பிக்குவான். கொழந்தைய இன்னா சொல்லிடப் போறான்," என்று அக்கா மரகதத்திடம் சின்னக் குடத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அவன் தறியை ஒட்டித்தான் கிணற்றுக்கு வழி.

ஆவணி 10, ஞாயிறு

மரகதம் கன்னத்தில், பர்மாப் பெண்கள் பூசும் தனாக்காச் சாந்தைப் பூசிக்கொண்டிருந்தாள். சின்னம்மா கொடுத்தனுப்பிய கட்டையைச் சந்தனக் கல்லிலேயே இழைத்திருக்கிறாள். மா சேனும் காலையில் இப்படித்தான் உட்கார்ந்து இழைப்பாள், ஒரு கை ஓடும், மறு கை என் தோளில்.

அக்கா: "இன்னாடி மூஞ்சில மாவு?" பிறகு அவளே தொட்டுப் பார்த்து, "குளுகுளுன்னு இருக்குதே" என்றாள்.

சாப்பிடும்போது மரகதம் கேட்டாள். "நான் கப்பல்ல போனா நீயும் வருவியாப்பா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். போய்விட்டால்தான் என்ன? ஆனால் அங்கே கடையை ஒப்படைத்தாயிற்று. வீட்டில் வேறு யாரோ குடி. ஆற்றங்கரையும் குன்றும் இருக்கும், மா சேன் இருக்கமாட்டாள். ஊர் திரும்பினவனுக்கு ரெண்டு ஊரும் இல்லை. இவளை மட்டும் அனுப்பிவிட்டு நான் இங்கே உட்கார்ந்திருப்பது நடக்காது. அது மட்டும் தெரிகிறது.

ஆவணி 13, புதன்

சாயங்காலம் ஏகாம்பரம் வாசலில். உள்ளே வரவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினான்.

"உங்க பொண்ணு தறியாண்ட தவழ்ந்துக்கினு போவுது. தினமும். தண்ணி எல்லாம் தறிக்குழியில வுழுது. பட்டு நனஞ்சா யாரு பதில் சொல்றது? கேலியா?"

முதலில் எனக்கும் விளங்கவில்லை. மரகதத்தைக் கூப்பிட்டேன். பயந்து போய்ச் சொன்னாள்: "மாமா கீழ ஒக்காந்திருக்காரு. நான் நின்னா அவரு தலைக்கு மேல போயிடுவேன்ல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும். பர்மாவில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் அவர்கள் தலைக்குக் கீழே குனிந்துதான் கடக்க வேண்டும். மா சேன் அதில் கண்டிப்பு, விட்டால் கிள்ளிவிடுவாள். இவனோ குழித்தறிக்காரன். காலைக் குழிக்குள் விட்டுத் தரையோடு உட்கார்ந்திருப்பவன். அவன் தலைக்குக் கீழே போவதென்றால் எப்படிப் போவாள்? முட்டி போட்டு, குடத்தைத் தரையில் நகர்த்தி நகர்த்திப் போயிருக்கிறாள். போகும்போதும், நிறைகுடத்தோடு வரும்போதும்.

"அவ அம்மா கத்துக் குடுத்த மரியாதை ஏகாம்பரம்," என்றேன்.

அவன் மரகதத்தின் முட்டியைப் பார்த்தான். தோல் சிராய்த்திருந்தது. நானே அப்போதுதான் பார்த்தேன். அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

ஆவணி 15, வெள்ளி

கப்பலேறும் குடும்பத்துக்காரர் வந்து கேட்டுவிட்டுப் போனார். திங்களுக்குள் சொல்ல வேண்டுமாம்.

தலைவலி. சுக்குப் பற்று.

மரகதம் குடத்தோடு வந்தாள், பாவாடை நனையாமல். எப்படி என்றேன். "நான் போனா மாமா எழுந்து நிக்கிறாரு. திரும்பி வந்தாலும் நிக்கிறாரு. நடந்து போ, நடந்து போன்றாரு."

அக்கா அரிவாள்மணையிலிருந்து தலை தூக்கினாள். குழித்தறியில் உட்கார்ந்தவன் லேசில் எழுந்திருப்பதில்லை. நூல் ஓட்டும் நாடாவை வைத்து, மிதியிலிருந்து காலை எடுத்து, கையை ஊன்றி ஏற வேண்டும். ஒரு குடம் தண்ணீருக்கு ரெண்டு தடவை.

ஆவணி 18, திங்கள்

காலையில் நானே போனேன். தறிச் சத்தம் நிற்கவில்லை. நின்றுகொண்டே கேட்டேன், சுற்றி வளைக்கவில்லை. "பொண்ணுக்குக் காது குத்தணும். மடி வேணும்."

ரெண்டு மூன்று இழை ஓட்டினான். பிறகு நாடாவை வைத்தான்.

"அக்காவுக்குப் பொறந்திருந்தா இத்தவிட பெரிசா இருக்கும் இல்ல?"

ஆமாம் என்றேன்.

"எனக்குக் கூடப் பொறந்தது அது ஒண்ணுதான் மாமா. நான் இன்னும் யாருக்கும் தாய்மாமன் ஆகல."

பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று, அவன் என்னை மாமா என்று கூப்பிட்டு. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு அழுதேன். கப்பலேறுகிறவருக்கு இல்லை என்று சொல்லி அனுப்பியாயிற்று.

ஆவணி 22, வெள்ளி

காது குத்து. வெல்லம், பச்சரிசி, வாழைப்பழம், பூ. அக்கா பட்டுப் புடவை.

ஆசாரி கேட்டார்: "தாய்மாமன் யாருப்பா?" ஏகாம்பரம் பலகையில் போய் உட்கார்ந்தான். "நான்தான். எங்க அக்கா பொண்ணு." கூட்டத்தில் யாரோ கிசுகிசுத்தார்கள். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிப்போயிற்று.

மடியில் உட்கார்ந்தவள் முதுகை வளைத்து வளைத்துக் கீழே இறங்குகிறாள். தலை மாமன் தலைக்கு மேலே போய்விடுகிறதாம். ஏகாம்பரம் காதோடு சொன்னான்: "நிமிந்து ஒக்காரும்மா. மாமன் சொல்றேன்." நிமிர்ந்தாள். ஊசி ஏறும்போது "அமே" என்று கத்தினாள். அங்கே அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஏகாம்பரத்துக்கு அர்த்தம் தெரியாது. அவன் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

பர்மாவிலும் பெண் பிள்ளைக்குக் காது குத்துவது உண்டு, மா சேனும் மகள் காது குத்துக்கு என்று ஒரு பட்டுத் துண்டு எடுத்து வைத்திருந்தாள். பெட்டியிலிருந்து எடுத்து மரகதத்தின் தோளில் போட்டேன். வாசனை இன்னும் இருந்தது.

ஆவணி 27, புதன்

மழை. மூன்று நாளாக விடாமல். ஓட்டில் விழும் சத்தம் வேறு, அங்கே தகரத்தில் விழும் சத்தம் வேறு. ஆனாலும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நம் கிணற்றில் தண்ணீர் ஊறிவிட்டது. மரகதம் தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு, குடத்தோடு பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினாள். இங்கேயே தண்ணி இருக்குதே, எங்கே போறா என்று கேட்டேன்.

அக்கா அடுப்பை ஊதிக்கொண்டே, "போவட்டும் வுடுடா. மாமன் வூட்டுக்குத்தானே போறா."